தர்மபுரி புறநகரில் விசேஷத்துக்கு ஹால் பிடிக்கிறீர்களா? முதலில் பின்பக்கம் போங்கள்

ஹால் பார்க்கப் போனால் மேனேஜர் முதலில் செய்கிற வேலை, மேடை விளக்குகளை எல்லாம் ஒரே நேரத்தில் போட்டுக் காட்டுவது. செயற்கைப் பூச்சுவர், எல்இடி பலகை, ராஜா ராணி சோபா என்று கண்ணைப் பறிக்கும். பத்தே நிமிடத்தில் பை திறந்து அட்வான்ஸை எண்ண ஆரம்பித்துவிடுவோம். மேடை எல்லா ஹாலிலும் நன்றாகத்தான் இருக்கிறது. விசேஷம் நாறிப்போவது பருப்பு வேகாததால், மூன்றாம் பந்தி இரண்டரை மணிக்குப் போனதால், ஜெனரேட்டர் ஓடியும் ஏசி ஓடாததால். அதனால் மேனேஜரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சமையல்கட்டு சாவி எங்கே?"

இங்கே பார்ப்பது 100 முதல் 300 பேர் வரை கூடும் விசேஷங்களுக்கான இடங்களை மட்டும்: முதல் பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, ரிட்டயர்மென்ட் விருந்து. ஆயிரம் பேர் கூடும் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிப்பது வேறு கணக்கு. தர்மபுரியைச் சுற்றி இந்த அளவுக்குக் கிடைப்பவை மூன்று வகை. கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் மேல்மாடியில் இருக்கும் ஏசி மினி ஹால்; இலக்கியம்பட்டி, பாரதிபுரம், வெண்ணாம்பட்டி மாதிரி குடியிருப்புகளை ஒட்டிய நடுத்தர மண்டபம்; நான்குவழிச் சாலையோரம் புல்தரையோடு இருக்கும் திறந்தவெளி இடம். கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் நான்காவதாக உண்டு, அவற்றைக் கடைசியில் சொல்கிறோம். மூன்று வகைக்கும் பொதுவான சோதனைகள் முதலில்.

தண்ணீர்

வேறு ஊர்க்காரர்கள் எழுதும் மண்டபக் குறிப்புகளில் தண்ணீருக்கு ஒரு வரிதான் இருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு அது போதாது. இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான்: ஜப்பான் நிதியுதவி, 2008இல் அடிக்கல், 2013இல் பயன்பாடு. ஃபுளூரைடைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஒருவேளைச் சாப்பாட்டால் விருந்தாளிக்கு எதுவும் ஆகிவிடாது என்பதும் உண்மை. விசேஷ வீட்டுக்காரரைப் படுத்துவது அந்த போர் தண்ணீரின் இன்னொரு குணம், கடினத்தன்மை.

உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பிலுள்ள பெக்டினோடு சேர்ந்து அதைக் கெட்டிப்படுத்திவிடும். வெளியே பருப்பு வெந்த மாதிரி இருக்கும், நசுக்கினால் நடுவில் திப்பியாக நிற்கும். சாம்பார் சேராமல் தண்ணீர் தனி, பருப்பு தனியாக நிற்பது இதனால்தான். மாஸ்டர் அவசரத்துக்குச் சோடா உப்பு போடுவார். பருப்பு குழைந்துவிடும், ஆனால் சாம்பாரில் ஒரு சவர்க்காரச் சுவை ஏறும், நிறமும் மங்கும். மாலை விருந்தில் டீ கறுத்து, மேலே ஆடை மாதிரிப் படலம் கட்டுவதும் இதே தண்ணீரால்தான்.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். சமையல்கட்டுக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கும். பெரிய அண்டா ஒன்றைக் கவிழ்த்து உள் அடியைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்பு பூசிய மாதிரி சொரசொரப்பாக இருந்தால் அந்தக் குழாயில் வருவது போர் தண்ணீர். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் 100 கிராம் துவரம்பருப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இதிலும் மறுபாதியை ஒகேனக்கல் தண்ணீரிலும் ஒரே விசில் கணக்கில் வேகவையுங்கள். வித்தியாசம் கரண்டியில் தெரியும்.

"ஒகேனக்கல் கனெக்‌ஷன் இருக்குங்க" என்று மேனேஜர் சொன்னால் அடுத்த கேள்வி: எந்தத் தொட்டியில் ஏறுகிறது? பல இடங்களில் ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்துவிடுகின்றன. தனித் தொட்டி, சமையல்கட்டில் தனிக் குழாய் என்று இரண்டும் இருந்தால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு. கூட்டுக் குடிநீர் எந்நேரமும் வருவதில்லை, முறை வைத்துத்தான் வரும். உங்கள் தேதிக்கு முதல்நாள் தொட்டி நிரம்பியிருக்குமா என்று கேட்டு ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

அளவு: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர், கை கழுவ, பாத்திரம் கழுவ, கழிவறைக்கு ஆளுக்கு 15 லிட்டர். 300 பேருக்கு மொத்தம் 6,000 லிட்டர். ஒரு சின்ன டேங்கர் லாரி. இதில் நல்ல தண்ணீர் 1,500 லிட்டர்தான் வேண்டும். ஹாலில் நல்ல தண்ணீர் இல்லாவிட்டாலும் இந்த அளவை மட்டும் வெளியிலிருந்து வரவழைத்தால் பிழைத்துக்கொள்ளலாம். லாரி சமையல்கட்டுவரை வருமா, ஹோஸ் எட்டுமா என்று பார்த்துவிட்டு வாருங்கள். மாடி ஹாலாக இருந்தால் எட்டாது. குழாயின் வேகத்தையும் பாருங்கள்: 20 லிட்டர் கேனை வைத்துத் திறந்து, எத்தனை நேரத்தில் நிரம்புகிறது என்று போனில் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் நல்லது. மூன்று நிமிடம் என்றால் அரிசி களையவே மாஸ்டர் திட்டுவார்.

பந்திக் கணக்கு

"டைனிங்ல ஒரே நேரத்தில 100 பேர் உட்காரலாம்." இந்த வாக்கியத்தை நம்பாதீர்கள், டேப் எடுத்துப் போங்கள். இலை போட்டுச் சாப்பிட ஆளுக்கு 2 அடி அகலம். ஒரு வரிசைக்கு மேசை ஒன்றரை அடி, நாற்காலியும் ஆளும் மூன்று அடி, பரிமாறுபவர் வாளியோடு நடக்க மூன்று அடி, ஆக ஏழரை அடி. டைனிங் ஹால் 40 அடிக்கு 30 அடி என்றால், 30 அடியில் நான்கு வரிசை. 40 அடியில் கை கழுவப் போகும் வழிக்கு 6 அடி விட்டால் மீதி 34 அடி, வரிசைக்கு 17 பேர். மொத்தம் 68. நெருக்கிப் போட்டால் 80. அந்த இடத்தில் 100 பேரை உட்கார வைத்தால், சாம்பார் வாளி யாராவது ஒருவர் தோளில் இடிக்கும்.

ஒரு பந்தி சாப்பிட 25 நிமிடம். இலை எடுத்து, மேசை துடைத்து, மறுபடி இலை போட்டுத் தண்ணீர் வைக்க 10 நிமிடம். 300 பேருக்கு 68 இருக்கை என்றால் ஐந்து பந்தி, மூன்று மணி நேரத்தைத் தொடும். பன்னிரண்டரைக்கு முதல் பந்தி போட்டால் கடைசிப் பந்தி மூன்று மணிக்குத்தான் உட்காரும். அதில் இருப்பது யார்? விசேஷ வீட்டுக்காரர்களும், மாமன் வீட்டாரும், மொய் எழுதியவரும்! பகல் விருந்துக்கு, வருபவர்களில் மூன்றில் ஒரு பங்கு இருக்கை வேண்டும். மாலை வரவேற்பு என்றால் ஆட்கள் ஆறரையிலிருந்து ஒன்பதரைவரை பிரிந்து வருவார்கள், ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே சமாளித்துவிடலாம்.

மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் ரோலை ஹால்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் அதுவும் ஒன்று. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு, தண்ணீர்ப் பாக்கெட் எல்லாம் அதே பட்டியல்தான். சாதா பேப்பர் ரோல் போதும்.

கை கழுவும் இடத்தில் குழாய்களின் எண்ணிக்கையைவிடக் கீழே போகும் சாக்கடை முக்கியம். பத்துக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். தொட்டியில் தண்ணீர் ஏறி நின்றால், விசேஷத்தன்று சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் சேர்ந்து இரண்டாம் பந்திக்கே அது நிரம்பி, பட்டுப்புடவைக் கரை நனையும். ஜாலி இல்லாத தொட்டி என்றால் ஒரு இரும்பு வலையை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், ஐம்பது நூறு ரூபாய்ச் செலவு.

கரண்ட்

ஏசி ஹாலுக்குக் கூடுதல் வாடகை கொடுக்கிறோம், அது குளிர வேண்டும் அல்லவா? உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடம்பு 100 வாட்டுக்கு மேல் வெப்பம் விடுகிறது. 200 பேர் என்றால் 24 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு டன் ஏசி எடுக்கும் வெப்பம் 3.5 கிலோவாட். ஆக ஆட்களின் சூட்டுக்கு மட்டுமே ஏழு டன் வேண்டும். மொட்டைமாடி வெயில், மேடை விளக்கு, திறந்து மூடும் கதவு எல்லாம் தனி. 200 பேர் ஹாலில் இரண்டு டன் ஏசி ஆறாவது இருக்கிறதா என்று எண்ணுங்கள். நான்குதான் இருந்தால் காலி ஹாலில் ஜில்லென்று இருக்கும், ஆள் நிறைந்த பிறகு மின்விசிறிதான் கதி. ஏப்ரல், மே மாதத்துக்குப் பிடிப்பவர்கள் இதில் ஏமாறவே கூடாது. மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலை பத்து மணிக்கு எல்லா ஹாலும் குளிரும்.

அடுத்தது ஜெனரேட்டர். "ஜெனரேட்டர் பேக்கப் உண்டு" என்பதன் அர்த்தம் ஹாலுக்கு ஹால் மாறும். அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 25 கேவிஏ என்றால் கிடைப்பது 20 கிலோவாட்தான். ஆறு இரண்டு டன் ஏசிக்கு மட்டுமே 12 முதல் 14 கிலோவாட் போகும். மேடை லைட், சவுண்ட் செட், கிரைண்டர், தண்ணீர் மோட்டார் சேர்ந்தால் தாங்காது. அதனால் கரண்ட் போனால் விளக்கும் விசிறியும் மட்டும் ஓடும்படி லைன் பிரித்து வைத்திருப்பார்கள். அது தப்பில்லை. முன்கூட்டியே சொல்லாமல் ஏசி வாடகையை முழுதாக வாங்குவதுதான் தப்பு. சோதித்துப் பார்க்கச் சுலபமான வழி, மேனேஜரிடம் மெயினை இறக்கச் சொல்லிவிட்டு எது எது எரிகிறது என்று பார்ப்பது. "இப்போ டீசல் இல்லைங்க" என்று பதில் வந்தால் அதுவே பதில்.

மீட்டரை ஹாலுக்குள் நுழையும்போது போட்டோ எடுங்கள், கிளம்பும்போது இன்னொரு போட்டோ. யூனிட்டுக்கு எவ்வளவு என்பது ரசீதில் இருக்க வேண்டும். டெகரேஷன் ஆட்கள் முதல்நாள் இரவே வந்து வேலை செய்தால் அந்த யூனிட்டும் உங்கள் தலையில்தான். போட்டோவை அவர்கள் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

மாடி மினி ஹால்

நான்கு ரோட்டைச் சுற்றியும் அங்கிருந்து பிரியும் சாலைகளிலும் பெருகி வருவது இந்த வகைதான். 100 பேருக்குள் பிறந்தநாள், நிச்சயம், வளைகாப்பு என்றால் நல்ல தேர்வு. பஸ் ஸ்டாண்ட் பக்கம், ஆட்டோ கிடைக்கும், ஏசி உண்டு, நான்கு மணி நேரத்துக்கு மட்டும் வாடகை கொடுத்தால் போதும். 150 பேரைத் தாண்டினால் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. காரணம் லிஃப்ட். ஆறு பேர் லிஃப்ட் என்றால் 408 கிலோ. மூன்றாம் மாடிக்குப் போய்த் திரும்ப ஒன்றரை, இரண்டு நிமிடம். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால் நூறு பேரை ஏற்றவே அரை மணி நேரம். அதே லிஃப்டில்தான் சோற்று அண்டாவும் ஏறும், பூக்காரரும் ஏறுவார், சக்கர நாற்காலிப் பாட்டியும் ஏற வேண்டும்.

படிக்கட்டை அதைவிடக் கவனமாகப் பாருங்கள். இரண்டு பேர் இடிக்காமல் எதிரெதிரே போக முடிய வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வழி வேண்டும். அந்த வழியில் காலி நாற்காலியும் பழைய பேனரும் அடுக்கியிருக்கக் கூடாது. கதவில் பூட்டு தொங்கக் கூடாது. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்தின் மாடியில் ஓலைப்பந்தல் தீப்பிடித்து, மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இப்போது ஓலைக்குப் பதில் துணிச் சீலையும் தெர்மாகோலும் செயற்கைப் பூவும், அவ்வளவுதான் வித்தியாசம். பிறந்தநாளுக்கு பலூன் அலங்காரம் சொன்னால் உள்ளே என்ன காற்று என்று கேளுங்கள். விலை குறைவு என்று ஹைட்ரஜன் நிரப்புகிறவர்கள் உண்டு, மெழுகுவத்தி பக்கத்தில் போனால் வெடிக்கும். சாதாரணக் காற்று நிரப்பிக் கட்டித் தொங்கவிட்டாலே போதும், பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

மினி ஹாலில் பெரும்பாலும் சமையல்கட்டு இருக்காது, சூடுபடுத்தும் இடம்தான் இருக்கும். சாப்பாடு வெளியிலிருந்து வர வேண்டும், அல்லது கீழே இருக்கும் ஓட்டலிலேயே எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. இலைக்கு இவ்வளவு என்று பேசும்போது குறைந்தபட்ச எண்ணிக்கையைக் கவனியுங்கள். 100 இலைக்கு ஒப்புக்கொண்டு 70 பேர் வந்தாலும் 100க்குத்தான் பில். வருவார்கள் என்று நினைக்கும் கணக்கில் பத்துப் பேரைக் குறைத்தே சொல்லுங்கள். கூடினால் போட்டுக்கொடுப்பார்கள், குறைந்தால் கழிக்க மாட்டார்கள்.

குடியிருப்பை ஒட்டிய மண்டபம்

150 முதல் 300 பேருக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். கீழ்த்தளத்தில் டைனிங், சொந்தச் சமையல்கட்டு, பாத்திரம், தங்க நான்கைந்து அறை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். சொந்த மாஸ்டரை வைத்துச் சமைக்கலாம், அதனால் இலைக்கு ஆகும் செலவு கணிசமாகக் குறையும்.

அசைவம் உண்டா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். காதுகுத்துக்குக் கிடா வெட்டிக் கறி விருந்து போடும் வீடுகள் இந்தப் பக்கம் அதிகம். ஆனால் சைவம் மட்டுமே என்று வைத்திருக்கும் மண்டபங்களும் நிறைய. சிலர் "வெளியே பந்தல் போட்டுச் சமைச்சுக்குங்க, உள்ளே பரிமாறக் கூடாது" என்பார்கள். அப்படியென்றால் டைனிங் ஹாலுக்குக் கொடுக்கும் வாடகை எதற்கு என்று திருப்பிக் கேளுங்கள், பாதியாவது குறையும். மது விஷயத்தில் பேச்சே இல்லை: 2023 ஏப்ரலில் மண்டபங்களில் மது பரிமாறச் சிறப்பு உரிமம் என்று அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபங்களுக்கு அது திரும்பப் பெறப்பட்டது. கார் பார்க்கிங் ஓரத்தில் நடப்பது தனிக்கதை. அதில் வரும் சண்டைக்கு வாடகைக்கு எடுத்தவரே பொறுப்பு என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்தே இருக்கும், படித்துப் பாருங்கள்.

குடியிருப்புப் பகுதி என்பதால் சத்தத்துக்குக் கட்டு உண்டு. ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. வீடுகள் இருக்கும் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. டிஜே வைத்தால் 55 என்பது முதல் பாட்டிலேயே போய்விடும். மண்டபத்துச் சுவரை ஒட்டி ஜன்னல் வைத்த வீடு எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், போலீஸ் வருமா வராதா என்பது தெரிந்துவிடும்.

இந்த வகையில் பெரிய குறை, ஒரே நாளில் இரண்டு புக்கிங். முகூர்த்த நாளில் காலையில் கல்யாணம், மாலையில் உங்கள் வீட்டு வரவேற்பு. காலைக்காரர்கள் இரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், கிளம்புவது நான்கு மணிக்கு. உங்கள் மாஸ்டர் வெங்காய மூட்டையோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். சமையல்கட்டை எத்தனை மணிக்குத் திறந்துவிடுவார்கள் என்பதை ஹால் நேரத்திலிருந்து பிரித்துத் தனியாக எழுதி வாங்குங்கள். 300 பேருக்கு மாலைச் சாப்பாடு என்றால் மாஸ்டருக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும். மண்டபம் பார்க்கச் சரியான நேரமும் அதனால்தான் ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. ஒரு விசேஷம் முடிந்து இலை அள்ளும் நேரம். கழிவறை, சாக்கடை, துப்புரவு ஆட்கள் எத்தனை பேர், குப்பை எங்கே போகிறது, எல்லாம் அப்போது ஒளிக்க முடியாது.

ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள், மண்டபம் சும்மா கிடக்கும். பிறந்தநாள், ரிட்டயர்மென்ட் மாதிரி நாள் நட்சத்திரம் பார்க்காத விசேஷங்களுக்கு அப்போது தாராளமாகப் பேரம் பேசலாம். ஆடி 18 அன்று மட்டும் பென்னாகரம் சாலைப் பக்கம் வைக்காதீர்கள். ஒகேனக்கல் போகும் கூட்டத்தில் உங்கள் விருந்தாளி மாட்டிக்கொள்வார்.

நான்குவழிச் சாலைப் புல்தரை

போட்டோவுக்கு இதற்கு இணை கிடையாது. இடவசதியும் அப்படித்தான். 300 பேருக்கு 40 காரும் 80 டூவீலரும் என்று வைத்தால், காருக்குத் திரும்பும் வழியோடு சேர்த்து 250 சதுர அடி, வண்டிக்கு 25 சதுர அடி, மொத்தம் 12,000 சதுர அடி, அதாவது 27, 28 சென்ட். ஊருக்குள் இருக்கும் எந்த மண்டபத்தில் இவ்வளவு இடம் வண்டிக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள்?

ஆனால் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பாருங்கள். தர்மபுரியிலிருந்து போகும் திசையில் இருந்தால் நேராக உள்ளே போய்விடலாம். எதிர்ப்பக்கம் இருந்தால் அடுத்த திருப்பம்வரை போய்த் திரும்ப வேண்டும். அதற்குச் சோம்பி டூவீலர்காரர்கள் எதிர்த்திசையிலேயே வருவார்கள், லாரி பறக்கும் சாலையில். சர்வீஸ் ரோடு இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். அதியமான்கோட்டைப் பக்கம் என்றால் காலண்டரில் தேய்பிறை அஷ்டமியைப் பார்த்துவிடுங்கள். காலபைரவர் கோயிலுக்குப் பூசணி விளக்கேற்ற வரும் கூட்டம் அன்று கொஞ்சநஞ்சம் அல்ல. சேலத்து உறவினர்கள் நிறைய என்றால் விருந்தைச் சீக்கிரம் முடித்து அனுப்புங்கள், இரவில் தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

புல்தரைக்கு மழைதான் எதிரி. மே மாதக் கோடைமழை இங்கே சாயங்காலம்தான் வரும், காற்றோடு வரும். சாமியானா தாங்காது, தகரப் பந்தல் வேண்டும். ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை மழை எப்போதும் எதிர்பார்க்க வேண்டியதுதான். மழை வந்தால் மாற்று இடமாக மூடிய ஹால் இருக்கிறதா, அதற்குத் தனி வாடகையா, அன்று வேறொருவருக்குக் கொடுத்திருப்பார்களா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத இடத்தில் டிசம்பர் பாதியிலிருந்து ஏப்ரல்வரை மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். மேடை, சவுண்ட், விளக்கு எல்லாம் புல்மேல் ஓடும் வயரில் நிற்கும். ஜாயின்ட் டேப் சுற்றிய வயரை ஈரத்தில் போட்டிருந்தால், கழற்றி மாற்றும்வரை கரண்ட் கொடுக்க விடாதீர்கள்.

கோயில் மண்டபமும் சமுதாயக் கூடமும் வாடகையில் அடித்துக்கொள்ள முடியாது. கழிவறையும் பாத்திரமும்தான் சந்தேகம். 100 பேர் மதியச் சாப்பாடு, சைவம், பாத்திரம் வாடகைக்கு வெளியே எடுத்துக்கொள்வோம் என்றால் தாராளமாக எடுக்கலாம். கலெக்டர் ஆபீஸ் பக்கம் என்றால் ஒரு சின்ன விஷயம்: மறியல், முற்றுகை நாளில் கைதானவர்களைச் சாயங்காலம்வரை பக்கத்து மண்டபத்தில் வைப்பது தமிழ்நாட்டு வழக்கம். முதல்நாள் அப்படி நடந்திருந்தால் கூட்டி மெழுகக் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

ரசீது

வாயால் சொல்லும் வாடகை கடைசி பில் அல்ல. 40,000 ரூபாய் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், 7,200 கூடும். பில் வேண்டாம் என்றால் வரி வேண்டாம் என்பார்கள். அப்படி எடுத்தால் அட்வான்ஸுக்கு ஆதாரமே இருக்காது, தேதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாலும் கேட்க முடியாது. கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் மணிக்கணக்கு, டீசல் யாருடையது, துப்புரவுக் கூலி, அறை வாடகை, வெளி டெகரேஷன்காரருக்கு ஹால் கேட்கும் கமிஷன், வெளி சமையலுக்குக் கேட்கும் கமிஷன், நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்க வேண்டும். "பார்த்துப் போட்டுக்கலாம் சார்" என்று சொல்லும் இடத்தில் பார்த்துப் போட்டுக்கொள்வது அவர்கள்தான். 1965ஆம் ஆண்டுப் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி மண்டபத்துக்கு உரிமம் வேண்டும். ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறதா, தேதி முடிந்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் சிலிண்டரை ஹாலே கொடுத்தால் 19 கிலோ வணிகச் சிலிண்டரா என்று பாருங்கள். சிவப்பு சிலிண்டர் வீட்டு உபயோகத்துக்கானது. அதை விசேஷத்துக்கு எரிப்பது விதிமீறல், பிடித்தால் சமையல் பாதியில் நிற்கும்.

பாத்திரத்தை எண்ணி வாங்கும்போது உங்கள் வீட்டு ஆள் ஒருவர் நோட்டோடு நிற்க வேண்டும். டம்ளரைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ண வேண்டும், "500 இருக்கு" என்று சாக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. நசுங்கிய அண்டா, காது உடைந்த வாளி, மூடி இல்லாத குண்டா எல்லாவற்றையும் பெயர் போட்டு எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்குங்கள். திருப்பி எண்ணிக் கொடுப்பது கழுவிய பிறகு. ஆனால் டம்ளரைத் தேட வேண்டியது கழுவுவதற்கு முன்பு, எச்சில் இலை லாரியில் ஏறுவதற்கும் முன்பு. காணாமல் போகும் டம்ளரில் பாதி இலைக்குள்தான் சுருண்டிருக்கும்.